அழகுமுத்துவின் நம்பர்

இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அழகுமுத்து பங்களா வேலைக்காரன். அவனுடைய துரைக்கு ஒரு பைத்தியம் உண்டு, பேசுகிற ரேடியோப் பைத்தியம். காலைத் தேநீர் குடித்த கையோடு பெட்டியின் முன் உட்கார்ந்து, "நாலு எஸ் ஏழு" என்று தொடங்கித் தன் நம்பரை நீட்டி முழக்குவார். கொழும்பிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது பதில் கொடுப்பார்கள். பெட்டியைத் துடைப்பது அழகுமுத்துவின் வேலை.

"அது என்னா நம்பருங்க, தொரை?" என்று ஒருநாள் கேட்டான்.

"கவர்மெண்டு குடுத்தது. ஒனக்குச் சம்பளம் போடுற செக்ரோல்ல ஒன் நைன் டூன்னு பேர் நம்பர் இருக்கு இல்லே? அது மாதிரி. நம்பர் இல்லாதவன்கூட யாரும் பேசக் கூடாது. சட்டம்."

அத்தோடு விட்டாரே அந்த மனிதர்! பரீட்சை எழுதி வாங்கும் நம்பர் அது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலித்துவிடுமா?

அந்த மார்கழி மழையில் மலை சரிந்து ரோட்டை மூடியது, தோட்டத்து டெலிபோன் கம்பி அறுந்தது. துரை சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் தொழிலாளர் லயத்தில் அழகுமுத்துவின் ஒரே மகள் நாகலெட்சுமி பிரசவ வேதனையில் கிடந்தாள்.

"புள்ள குறுக்க கெடக்குண்ணே. டாக்டர் வந்தாத்தான் உசுரு," என்று விடிகாலையில் கையை விரித்தாள் மருத்துவச்சி ராக்காயி.

உடப்புசல்லாவையில் இருந்த டாக்டர் மலைப்பாதையில் அரைநாளில் வந்துவிடலாம். ஆள் போய்க் கூட்டிவர முழுநாள் ஆகும். அதுவரை அவள் தாங்கமாட்டாள். கொழும்பிலிருந்து யாராவது டாக்டருக்குப் போன் செய்தால் போதும். அழகுமுத்து பங்களாவுக்கு ஓடி ரேடியோவைப் போட்டான்.

துரையின் நம்பர் அவனுக்கு மனப்பாடம். ஆனால் அடுத்தவன் நம்பரில் கொழுந்து எடைபோட்டதற்காகத் தன் அப்பனை, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நிற்கவைத்து அடித்ததைக் கண்ணால் கண்டவன் அவன். நமக்குத்தான் சொந்த நம்பர் இருக்கிறதே, திருடுவானேன்?

"ஹலோ கொழும்பு! ஒன் நைன் டூ பேசுறேன் சார்! மக..."

"உன் நம்பரை முழுசாகச் சொல்," என்றது இங்கிலீசில் ஒரு குரல்.

"ஒன் நைன் டூ சார்!"

"அப்படி நம்பரே கிடையாது. லைசன்ஸ் இல்லாதவனோடு நான் பேசக் கூடாது. பெட்டியை மூடு."

தொண்டை கிழியக் கத்தினான். ஐயோ, அந்தக் குரல் திரும்பி வரவேயில்லை. பொழுது சாய்வதற்குள் வயிற்றுப் பிள்ளையோடு நாகலெட்சுமி போய்விட்டாள்.

ரோடு திறந்ததும் துரை வந்தார், பெட்டியின் முன் உட்கார்ந்தார். கொழும்புச் சிநேகிதன் ஒன் நைன் டூ கதையைச் சொல்லிச் சிரித்தான். துரை திரும்பினார்.

"நீயா? நல்லவேளை, என் நம்பரத் தொடல. தொட்டிருந்தா என் லைசன்ஸ் போயிருக்கும். நல்ல மனுசன் நீ!"

"தொட்டிருந்தா... அவரு பேசியிருப்பாருங்களா, தொரை?"

"பின்னே? என் நம்பர் கேட்டா அவன் எதுவும் செய்வான்."

துரை மறுபடி பேச்சில் இறங்கினார். அவர் பேசும்போது அறையில் சத்தம் கேட்கக் கூடாது. அழகுமுத்து பெட்டி துடைக்கும் துணியைத் தன் வாயில் திணித்துக்கொண்டான்.