தலைகீழ் எட்டு

புதுக்கோட்டை புதிய பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஃபெமினாவின் ஸ்டிக்கர் கடை இருந்தது. பைக் நம்பர், பள்ளி வேனின் பெயர், ஆவூர்ப் பக்கத்துக் கிறித்தவப் பிள்ளைகளின் புதுநன்மை விழா பேனர் என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பாள். ஒரு புதன்கிழமை மின்வாரியத்திலிருந்து கணக்கெடுக்க வந்த அறிவுமதி, மீட்டரை விட்டுவிட்டு ஸ்டிக்கர் வெட்டும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எவ்வளவு சின்னதா வெட்டுங்க?"

"ஒங்களுக்கு எவ்வளவு சின்னதா வேணும் சார்?"

அவர் தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். "இதுல பாதி. வட்டமா."

ஃபெமினா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். பஞ்சுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு போர் விமானம் படுத்திருந்தது. இந்திய விமானப்படையில் ஒரு காலத்தில் பறந்த ஹண்டர். மேலே பச்சையும் சாம்பலும் கலந்த வண்ணம், வயிறு வெள்ளி. சக்கரத்தின் டயர்கூடத் தனியாகத் தெரிந்தது. ஆனால் இறக்கையில் சின்னம் இல்லை, உடம்பில் எண் இல்லை. பெயர் வைக்காத பிள்ளை மாதிரி இருந்தது.

"அஞ்சு மாசம் ஒக்காந்து செஞ்சேங்க. பாகங்களோட பெட்டியில வந்த டெகால் பழசு. தண்ணியில போட்டதும் பொடிப்பொடியாப் போச்சு. திருச்சியில கண்காட்சி, போட்டியோட. இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

டெகால் என்றால் என்னவென்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு தனித் தாளில் அச்சடித்த மெல்லிய படலம். தண்ணீரில் நனைத்தால் தாளை விட்டு நழுவும். தூரிகையால் தள்ளி விமானத்தின் மேல் அமர்த்த வேண்டும். காய்ந்தபின் விரலால் தடவினால் ஒட்டியது தெரியக்கூடாது, பெயின்ட் அடித்தது போலிருக்க வேண்டும்.

"ஸ்டிக்கர் ஒட்டுனா?"

"இந்த அளவுக்கு அது கம்பளி போத்துன மாதிரி இருக்குங்க."

அந்தச் சொல் அவளைச் சீண்டிவிட்டது. பன்னிரண்டு வருடமாக எழுத்து வெட்டுகிறவள் அவள். டெகால் தாளுக்கு ஆன்லைனில் அன்றே ஆர்டர் போடச் சொன்னாள்.

முதல் முயற்சியில் மேலே வார்னிஷ் அடிக்க மறந்தார்கள். தண்ணீரில் போட்டதும் காவியும் பச்சையும் கரைந்து ஒன்றாகி, கிண்ணத்தில் பழுப்பாக நின்றன. இரண்டாவது முறை வார்னிஷ் தடித்துவிட்டது. சின்னம் இறக்கையின் வளைவுக்கு மடங்காமல் அப்பளம் போல விறைத்து நின்றது. அதைவிடப் பெரிய சிக்கல் வெள்ளை. அவளுடைய பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. காவி வட்டத்துக்கும் நடுப்பச்சைக்கும் இடையே வெள்ளை வந்தாக வேண்டும்.

"படலமே வெள்ளையா இருக்கற டெகால் தாளுல அடிச்சிருவோம் சார். வட்டத்தை மட்டும் மெஷினு சுத்தி வெட்டிரும். நம்பர் கறுப்புதானே, அதுக்குத் தனியாக் கண்ணாடித் தாளு."

ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்து திறந்தாள். மெஷின் கத்தி நெல் உமியளவு வட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டியது. அறிவுமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் வட்டத்தைத் தண்ணீரில் விட்டார். எண்ணினார். முப்பதில் அது அசைந்தது. தூரிகையால் தொட்டுத் தள்ள, இறக்கைமேல் வழுக்கி உட்கார்ந்தது. மேலே ஒரு சொட்டு வினிகர். படலம் இளகி, இறக்கைத் தகட்டின் கோடுகளுக்குள் இறங்கியது.

"ஒக்காந்திருச்சுங்க!" என்று கத்தினார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஃபெமினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வெறும் பிளாஸ்டிக் துண்டு ஒரு நொடியில் விமானமாகிவிட்டிருந்தது.

அடுத்தது உடம்பின் எண். அவர் மாதிரியாக எடுத்துக்கொண்ட நிஜ விமானத்தை இரு பக்கமும் எடுத்த பழைய படங்கள் அறிவுமதியிடம் இருந்தன. ஃபெமினா அவற்றைத் திரையில் பெரிதாக்கி, எண்களைக் கோடுகோடாக வரையத் தொடங்கினாள். திடீரென்று கை நின்றது.

"சார், இங்கிட்டு வாங்க. இந்தப் பக்கம் எட்டப் பாருங்க. மேல் சுழி சின்னது, கீழ் சுழி பெருசு. அந்தப் பக்கம்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "கீழ்ச் சுழி சின்னதா இருக்கு."

"ஒவ்வொரு நம்பரையும் தனித்தனித் தகட்டுல வெட்டி, வெச்சு, மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. அந்தப் பக்கம் எட்டுத் தகட்டத் தலைகீழா வெச்சுட்டாங்க. எட்டுங்கறதால யாருக்கும் தெரியல."

"பெட்டியில வந்த டெகால்ல ரெண்டும் நேராத்தானே இருந்துச்சு?"

"அவங்க பாக்கல. நான் பாத்துட்டேன்ல."

அறிவுமதி நாற்காலியில் சாய்ந்தார். "ஃபெமினா, நடுவர் இதைப் பாத்தா நாமதான் தலைகீழா ஒட்டிட்டோம்னு மார்க்கைக் கொறைப்பாருங்க. அஞ்சு மாச வேலை."

"நான் நேரா வெட்டித் தாரேன். ஆனா அது அந்த விமானம் இல்ல சார், வேற ஏதோ ஒண்ணு."

அவர் எழுந்து திரையில் இரண்டு எட்டுகளையும் விரலால் தொட்டு ஒப்பிட்டார். பிறகு, "தலைகீழாவே அடிங்க" என்றார்.

கண்காட்சி நாளன்று இருவரும் காலை ஏழு மணி பஸ் பிடித்தார்கள். செருப்புப் பெட்டி ஃபெமினாவின் மடியில். கீரனூரைத் தாண்டும்வரை வேகத்தடைக்கு வேகத்தடை அவள் பெட்டியை மடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிடித்தாள்.

திருச்சியில் ஒரு திருமண மண்டபம். மேசை மேசையாக விமானங்கள், டாங்கிகள், கப்பல்கள். இத்தனை பேர் இந்தப் பைத்தியத்தில் இருப்பார்கள் என்று அவள் நினைத்ததில்லை. பதினொரு மணிக்கு நடுவர் உதயசூரியன் அவர்கள் மேசைக்கு வந்தார். விமானப்படையில் ஹண்டர்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். லென்ஸை இறக்கைமேல் பிடித்து, "டெகாலா, பெயின்ட்டா?" என்று கேட்டார்.

"டெகால்ங்க," என்றார் அறிவுமதி.

நடுவர் விமானத்தைச் சுற்றி வந்து உடம்பின் வலப்பக்கம் குனிந்தார். "எட்டு தலைகீழா இருக்கே தம்பி. இவ்வளவு நல்லாச் செஞ்சுட்டு இப்படிக் கோட்டை விட்டுட்டீங்களே." பேனா தாளுக்குப் போனது.

"அய்யா, எழுதாதீங்க!" ஃபெமினாவின் குரல் மண்டபத்தின் பாதிக்குக் கேட்டது. அவளுக்கே முகம் சூடானது. கைப்பையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்து மேசையில் விரித்தாள். "மொதல்ல இதப் பாருங்க. அப்பறம் எழுதுங்க."

அவர் லென்ஸைப் படத்தின் மேல் வைத்தார். இடப்பக்கம். வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். அறிவுமதி அவளது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உதயசூரியன் வாய்விட்டுச் சிரித்தார். "ஏய், எல்லாரும் இங்க வாங்கப்பா!" மற்ற இரண்டு நடுவர்கள் வந்தார்கள், அவர்களோடு கூட்டமும் வந்தது. "இதே விமானத்த இந்தப் போட்டியில மூணு வருசமாப் பாக்குறேன். நானே வீட்டுல ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன், எட்டு நேரா நிக்குது! இதக் கண்டுபிடிச்சது யாரு?"

"இவங்கதான்," என்றார் அறிவுமதி. "புதுக்கோட்டையில ஸ்டிக்கர் கடை."

"எப்படிம்மா கண்ணுல பட்டுச்சு?"

"நான் டெய்லி நம்பர் பிளேட்டு வெட்டுறேங்க. எட்டு தலைகீழாப் போனா கஸ்டமரு விடமாட்டாரு."

சிரிப்பு அடங்க நேரமானது.

விமானத்துக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு கப்பலுக்குப் போனது. அந்தக் கப்பலின் கயிறுகளைப் பார்த்த ஃபெமினா, அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் அடையாளக் குறிகளுக்கென்று நடுவர்கள் தனியாக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். யார் பெயர் எழுத வேண்டுமென்று கேட்டபோது, அறிவுமதி மேடைக்குக் கீழிருந்தே அவள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

வெளியே வரும்போது ரஞ்சிதா என்ற பெண் வழிமறித்தாள். கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியை. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் ஒன்றைச் செய்து வைத்திருப்பதாகவும், அதற்கு டெகாலே எங்கும் கிடைக்கவில்லை என்றும் சொன்னாள். "கதவுல சாய்வா ஒரு கோடு வருதுங்க. வெள்ளைக் கோடு. ஒங்களால முடியுமா?"

"படம் இருக்கா? ரெண்டு பக்கமும் வேணும்," என்றாள் ஃபெமினா.

பஸ் டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் படங்கள் அவள் போனுக்கு வந்துவிட்டன. அறிவுமதி பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் கண்ணயரப் பார்த்தார். ஃபெமினா அவர் தோளைத் தட்டினாள்.

"தூங்காதீங்க சார். இந்தக் கோடு எத்தன டிகிரி சாஞ்சிருக்கும்? சொல்லுங்க, நாளைக்கே வெட்டிப் பாத்துருவோம்."