குறை சொல்லாத குடித்தனக்காரர்

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர். வேலை முடிந்து கைக்கு வந்ததை அப்படியே கொட்டி, நாலைந்து தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை வாங்கிப் போட்டார். இரண்டு அறை, ஒரு சமையலறை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. இனி கண்ணை மூடும்வரை அந்த வாடகைதான் அவருக்கும் மனைவிக்கும் சோறு. மகன் வீட்டு வாசலில் போய் நிற்க நேர்ந்தால் அதைவிடக் கேவலம் இல்லை என்று நினைக்கிற ரோஷக்காரர்.

வீடு வாங்கிய கையோடு மனைவியின் தம்பி வந்து சேர்ந்தார். மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டவர். அந்தத் தைரியத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுவார். வாடகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆளைப் பார்த்து வைக்க வேண்டும் என்றார். எப்படிப் பார்ப்பதாம்? முன்பு இருந்த வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். பழைய வீட்டுக்காரரைக் குறை சொல்கிறவன் நாளைக்கு நம்மையும் குறை சொல்வான், வாசலோடு அனுப்பிவிட வேண்டும். இன்னொன்று, ஆளை வைத்துவிட்டால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. போனால் ஆணி வேண்டும், குழாய் வேண்டும் என்று பிடித்துக்கொள்வார்கள்.

டிரைவர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒரு பள்ளி ஆசிரியை வந்தாள். பழைய வீட்டில் குழாய் ஒழுகியது, சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்றாள். சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவைத்தார். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்க்கலாமா என்றார். அவருக்கும் அதே மரியாதைதான். கடைசியாக ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். பழைய வீடு எப்படி என்று டிரைவர் கேட்டதற்கு, தையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "நாங்க எதுவும் கேட்டதில்ல சார். இருக்கிறதை வச்சு இருந்துக்குவோம்" என்றார். டிரைவருக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே சாவி கைமாறியது.

அதன் பிறகு நிம்மதியென்றால் அப்படி ஒரு நிம்மதி. வாடகை தவறாமல் வந்தது, ஒரு போன் கிடையாது, ஒரு புலம்பல் கிடையாது. வாயில்லாப் பூச்சிகள் என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டார். மற்ற வீட்டுக்காரர்கள் வயிறெரிந்தார்கள். நம் வீடு எப்படி இருக்கிறதென்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமே என்று மனைவி அவ்வப்போது சொல்வாள். அவர்களே சும்மா இருக்கும்போது நாமாகப் போய் எதற்கு வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்பார் இவர்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, உன் வீட்டு மேல்தளக் காரை பெயர்ந்து தையல்காரர் மனைவியின் மேல் விழுந்துவிட்டது என்றார். டிரைவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

அந்தம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலது கை முறிந்துவிட்டதாம். டிரைவர் உள் அறையில் கால் வைத்தார். தளத்துக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அது கிழிந்து தொங்கியது. மூலைக்கு மூலை பக்கெட். தையல் மெஷின் மேல் காரைக் கட்டிகள். சுவரில் ஓதம் தெரியாமலிருக்கத் தங்கள் கைக்காசில் வெள்ளையடித்து, அது உரிய உரிய மறுபடி அடித்திருந்தார்கள். படுக்கை சமையலறையில் கிடந்தது. போன மழைக்கே அங்கே மாறிவிட்டார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் தையல்காரர் வந்ததும் டிரைவர் பாய்ந்தார். பயத்தில் வந்த கோபம் அது.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயம் சார். பழைய வீட்டைப் பத்தி நீங்க கேட்ட விதத்துலயே, குறை சொல்றவங்களை உங்களுக்குப் பிடிக்காதுன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. மன்னிச்சிடுங்க. வீடு வீணாப்போச்சு."

மனைவி கையொடிந்து கிடக்கிறாள், இந்த மனிதர் மன்னிப்புக் கேட்கிறார். டிரைவருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

இன்ஜினியர் வந்து பார்த்தார். தொட்டிக்கு அடியில் குழாய் இணைப்பு விட்டிருக்கிறது. வருஷக்கணக்காகக் கசிந்து தளத்துக் கம்பியெல்லாம் துருவேறிவிட்டது. ஆரம்பத்தில் பார்த்திருந்தால் பிளம்பருக்கு ஒரு வேளை வேலை. இப்போது தளத்தையே இடித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மண் விலைக்கு விற்க வேண்டும் என்றார். இடித்துக் கட்ட டிரைவரிடம் ஏது வழி? இந்த வயதில் எவன் கடன் கொடுப்பான்?

மச்சானிடம் மூன்றாவது வழி இருந்தது. மேலே பூசி, பளிச்சென்று பெயின்ட் அடித்து, அடுத்த மழைக்குள் யாருக்காவது தள்ளிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

"அடுத்து யார் தலையில விழணும்? உங்க தலையிலயா, என் தலையிலயா?" என்றார் டிரைவர். இத்தனை வருஷத்தில் மச்சானை அவர் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மச்சான் எழுந்து போனார்.

மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, "உள்ளதைச் சொல்லி வித்துடலாம்ங்க. பையன்கிட்ட நானே பேசறேன்" என்றாள். டிரைவர் சரியென்று தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் துடைக்கவில்லை.

தையல்காரர் வீட்டைக் காலி செய்தபோது இடிந்த அறையைக்கூடப் பெருக்கிவிட்டுப் போனார். கட்டுப் போட்ட கையோடு அந்தம்மா பக்கெட்டுகளை அடுக்கிவைத்தாள். அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்ததற்கு இரண்டு பேரும் அப்படி நன்றி சொன்னார்கள். அவர்கள் திட்டியிருந்தால் டிரைவர் அன்றைக்குத் தூங்கியிருப்பார்.

சில நாளில் புது எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது. தன் வீட்டை வாடகைக்குக் கேட்டுத் தையல்காரர் வந்திருப்பதாகவும், டிரைவரின் எண்ணை அவர்தான் கொடுத்ததாகவும் ஒரு வீட்டுக்காரர் சொன்னார். ஆள் எப்படி, தொல்லை ஏதும் உண்டா என்று கேட்டார்.

"தங்கமான மனுஷங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. கூரையே ஒழுகினாலும் அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. அதனால நீங்கதான்..."

"போதும் சார், போதும்" என்றது அந்தக் குரல், சந்தோஷமாக. "இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. டிரைவர் உடனே திரும்பக் கூப்பிட்டார். மறுபடி, மறுபடி கூப்பிட்டார். அந்த ஆள் எடுக்கவேயில்லை. வீடு எந்தத் தெரு என்றாவது கேட்டு வைத்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.