கசக்குதா, சொல்லுங்க

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. வாராவாரம் ஏற்றும் டிரிப்ஸ் போதாதென்று, ஆஸ்பத்திரியில் ஒரு புது கேப்ஸ்யூலும் கொடுத்தார்கள். ஏதோ செடியின் வேரிலிருந்து பிரித்தெடுத்ததாம். ஆராய்ச்சி மருந்து. அதில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அசல், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். டாக்டருக்கே தெரியாததை நம்பி நான் எப்படித் தூங்குவது?

நான் தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரன். நாக்கை வைத்துப் பிழைக்கிறவன். அந்த வேர் கடும் கசப்பு என்று ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ பேசியது காதில் விழுந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு கேப்ஸ்யூலைத் திருகிப் பிரித்து, பொடியை நாக்கில் வைத்தேன்.

"கசக்குதா, சொல்லுங்க." அவள் குரல் நடுங்கியது.

கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு, குடலையே புரட்டிவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உனக்கு அசல்தான்டி" என்றேன். வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை.

அன்று முதல் அவள் ஆளே மாறிப்போனாள். தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். ஊருக்கே சமைத்துப் போடுகிறவனுக்கு உப்பின் அளவு தெரியவில்லையே என்று என்னோடு சண்டை பிடித்தாள். அந்தச் சண்டைக்கு நான் ஏங்கிப் போயிருந்தேன். ஆனால் டிரிப்ஸுக்குக் கிளம்பச் சொன்னபோது கட்டிலைவிட்டு இறங்க மறுத்தாள்.

"இனி அது எதுக்கு? வாந்தி எடுத்தே செத்துடுவேன் போல. அதான் அசல் மருந்து உள்ள போகுதே."

"அதை நர்ஸம்மாகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு" என்று கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். அவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு முதலில் நான் மட்டும் உள்ளே போய், நர்ஸிடம் நடந்ததையெல்லாம் உளறிக் கொட்டினேன். அவளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடாதீங்க என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்ணே, நிறைய வீட்ல இதைத்தான் பண்றாங்க. அதனாலதான் மாவுலயும் கசப்பு கலந்திருக்கு. டிரிப்ஸை மட்டும் விட்டுடாதீங்க. வேலை செய்யும்னு நமக்குத் தெரிஞ்சது இப்போதைக்கு அது ஒண்ணுதான்."

வராந்தாவுக்குத் திரும்பினேன். சொல்லாமல் மழுப்பிவிடலாமா என்று தோன்றியது. மழுப்பினால் அவள் நேரே வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் தேறியிருந்த முகம் என் கண்ணெதிரிலேயே வாடியது. என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்போ எனக்குக் கிடைச்சது எதுன்னு தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாமலேதான் முழுங்கணுமா?"

"ஆமா."

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் ஓரடி வைத்துவிட்டு நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்" என்றேன். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு டிரிப்ஸ் அறைக்குள் போனாள்.