சங்கிலியில் ஒரு காலிக் கொக்கி

கம்பத்து உச்சியில் மிச்சமிருந்த மரப்பறவையின் கடைசித் துண்டு ஆன்ஸ்கரின் குண்டுக்குத்தான் விழுந்தது. பாண்டு முழங்கியது. யாரோ அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கடைசித் துண்டை வீழ்த்துகிறவன்தான் திருவிழாவின் அரசன்; இனி ஒரு வருடத்துக்கு ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் அரசன் அவன்.

அரசன் என்றால் கழுத்தில் வெள்ளிச் சங்கிலி வேண்டும். போன வருட அரசன் தன் கையாலேயே அதைப் புதியவனுக்குப் போட்டுவிடுவது வழக்கம். போன வருட அரசன் ஆன்ஸ்கரின் அப்பா ஹெரிபெர்ட். இடுப்பெலும்பு முறிந்து பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போகும்போது பல் செட்டையும் சங்கிலியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போன மனிதருக்கு, மகனிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் மறந்துவிட்டது.

"ஊர்வலம் கிளம்பறதுக்குள்ள வாங்கிட்டு வந்துடுப்பா" என்றார் சங்கத் தலைவர் லாம்பெர்ட். "உன்னைப் பார்த்தா மனுஷனுக்கு மனசு குளிர்ந்துடும்."

குளிர்ந்துவிட்டாலும்! மாடுகளை விற்று, நிலத்தை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட நாளிலிருந்து அப்பா மகனிடம் பேசியதெல்லாம் வசவுதான். இருந்தும் ஆன்ஸ்கருக்கு ஒரு நப்பாசை. அடிப்பதற்கு மட்டுமே ஓங்கிப் பழகிய அந்தக் கை, ஒரே ஒரு தடவை தன் கழுத்தைச் சுற்றி வரவேண்டும். வசந்த காலம் முழுக்க அவன் குறிபார்த்துப் பழகியது அதற்காகத்தான்.

பச்சைச் சீருடையோடு வார்டுக்குள் நுழைந்தவனை நர்ஸ் வழிமறித்தாள்.

"சங்கிலிக்காகத்தானே வந்தீங்க? எடுத்துட்டுப் போயிடுங்க சார். தூங்கும்போதுகூட கழட்ட மாட்டேங்கிறார். எக்ஸ்ரே எடுக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

ஆஸ்பத்திரி அங்கியின் மேல் சங்கிலி தொங்க, அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். பழைய அரசர்கள் ஒவ்வொருவரின் பேரும் பொறித்த வெள்ளித் தகடுகள், கொக்கிக்கு ஒன்றாய்.

"யாருடா வீழ்த்தினது?"

"நான்தான்பா."

"காத்துல விழுந்திருக்கும்."

"ஊரே பார்த்துச்சு."

"ஊரே சுட்டு நொறுக்கி வச்ச கட்டை. கடைசியா தும்மினவனுக்கு விழுந்திருக்கு."

ஆன்ஸ்கர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே குனிந்தான். "போட்டு விடுங்க. எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

கை வரவில்லை. அவன் குனிந்தபடியே நின்றான். அப்பாவும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"மாட்டை வித்தவன் கழுத்துல இதைப் போடச் சொல்றியா?"

"பால் வித்த காசு தீவனத்துக்கே பத்தலைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருந்தேன்டா. அதுங்களை லாரியில ஏத்தறப்ப நீ காபி குடிச்சிட்டு நின்னே."

ஆன்ஸ்கர் நிமிர்ந்தான். "நின்னேன். நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிட்டீங்க. யாராவது நிக்கணுமே. இன்னைக்கும் பாருங்க, உங்க சிநேகிதங்க எல்லாரும் பந்தல்ல பீர் குடிச்சிட்டிருக்காங்க. உங்களைப் பார்க்க எவன் வந்தான்? நான்தான் வந்திருக்கேன்."

"நீ சங்கிலியைப் பார்க்க வந்தே."

சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். கண் சங்கிலியில்தான் நின்றது.

அப்பா சங்கிலியைத் தலைவழியே கழற்றினார். தகடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தன் பேரைத் தேடிப் பிடித்தார். கொக்கியை நகத்தால் நெம்பினார். கழன்று வந்த தகட்டைப் பல் செட் ஊறிக்கொண்டிருந்த டம்ளரில் போட்டார். அது பல்லுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு சங்கிலியைச் சாப்பாட்டுத் தட்டின் மேல், பாதி தின்ற புட்டிங் பக்கத்தில் விசிறினார்.

"எடுத்துட்டுப் போ. உன் கழுத்துல நான் தொங்க மாட்டேன்."

டம்ளருக்குள் கையை விட்டால் தகட்டை எடுத்துவிடலாம். ஆன்ஸ்கர் விடவில்லை.

ஊர்ச் சதுக்கத்தில் சங்கிலியை அவனுக்குப் போட்டுவிட்ட லாம்பெர்ட்டின் விரல், காலிக் கொக்கியில் வந்து நின்றது.

"அப்பாவோடது எங்கே?"

"பல்லோட ஊறுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆன்ஸ்கர் சிரிக்கவில்லை.

"என் தகடு வந்ததும் அந்தக் கொக்கியில மாட்டுங்க."

"அது அவர் இடம்ப்பா. மனுஷன் உயிரோட இருக்கார்."

"இருக்கட்டும். இடம் காலியாத்தானே இருக்கு."

பாண்டு கிளம்பியது. அரசன் முதல் வரிசையில் நடந்தான். பிடரி வலித்தது. சங்கிலியின் கனம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். கட்டிலருகே குனிந்து நின்ற வலி அது.