நூறாவது இதயம்

லினெயா, ஒரு கைபேசி விளையாட்டில் வரும் காட்டுத் தேவதை. அவளுக்குக் குரல் கொடுத்தது நான். ஒரு நாளைக்கு மூன்று நிலாப்புல்தான் பறிக்கலாம்; முப்பது கொடுத்தால் திரையில் ஓர் இதயம் நிறையும். அவள் பன்னிரண்டு வசனங்களில் ஒன்றைச் சொல்வாள். நூறு இதயம் நிறைந்தால் வீட்டுக் கதவைத் திறப்பாள். பெரியவர்களுக்கான விளையாட்டு, கதவுக்குப் பின்னால் என்ன என்று ஆளுக்கொரு கனவு.

உண்மையில் அங்கே ஒன்றுமே இல்லை. "அவ்வளவு தூரம் எவன் வரப்போறான்? முதல் வசனத்தையே திரும்பப் போட்டுடலாம்," என்று விளையாட்டைச் செய்த குசே முடித்துவிட்டான். சோம்பேறி. வெளிச்சத்தம் புகாமலிருக்க அலமாரிக்குள் மெத்தை அடைத்து, ஒரே மதியத்தில் பன்னிரண்டையும் என்னைப் பேசவைத்தான்.

ஆனாலும் அந்தக் காடு எனக்குப் பிடிக்கும். காற்றே இல்லாமல் புல் அசையும். பறித்த இடத்தில் கண் மூடித் திறப்பதற்குள் முளைக்கும். ரயிலில் தூங்கி வழிகிற யார் யார் காதிலோ, "இன்னைக்கும் வந்துட்டியா?" என்று என் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். சில காலைகளில் பல் தேய்க்கும்போது நானும் அங்கேதான் நிற்பதுபோல இருக்கும்.

சொந்தமாகச் செய்த விளையாட்டுகளை மேசை போட்டு விற்கும் ஆகஸ்ட் மாதச் சந்தையில், எங்கள் மேசைக்கு நிஷிகோரி வந்தார். சலவைக்கடைக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"மூணு வருஷமா ஆடுறேங்க. தொண்ணூத்தொம்போது இதயம் ஆச்சு, நூறாவதுக்கு ஒரே ஒரு புல்லு பாக்கி. ரெண்டு மாசமா பறிக்கப் பயமா இருக்கு. கதவைத் திறந்து என்னங்க சொல்லுவா?"

குசே மேசைக்கடியில் என் காலை மிதித்தான். "நீங்களே பாத்தாதான் சார் சுகம்!"

மூன்று வருடம்.

"முதல் நாள் சொன்னதையேதாங்க சொல்லுவா. அந்தக் கதவும் வெறும் படம்தான். மன்னிச்சிடுங்க," என்று தலை குனிந்தேன்.

அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். வாங்க வருகிறவர்கள் மேசைக்காரர்களுக்குத் தின்பண்டம் தருவது அங்கே வழக்கம். அவர் தந்தது தொண்டை மிட்டாய்.

"பரவால்லங்க. உங்க குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுடுச்சு, லினெயா நீங்கதான்னு. ஏழாவது வசனத்துல உங்களுக்கு மூக்கு அடைச்சிருந்தது. கேக்குறப்பல்லாம், இந்தப் பொண்ணை வீட்டுக்குப் போய்ப் படுக்க விடக்கூடாதான்னு தோணும். சரியாயிடுச்சா?"

அன்றைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பதிவு செய்த குசேவுக்கே அது தெரியாது.

"சரியாயிடுச்சுங்க," என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.