இறங்காத சீட்டு

யோகேஸ்வரி நாற்பத்து நான்கு வயதில்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வேன் ஓட்டத் தெரிந்தவளுக்கு சைக்கிள் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். யோங் பெங் ஊர் மரச்சாமான் தொழிற்சாலையில் அவளோடு தரம் பார்க்கும் பிரிவில் இருக்கும் ஷர்மினிதான், தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பூப்பந்துத் திடலில் தன் சைக்கிளைக் கொடுத்து, கூடவே மூச்சு வாங்க ஓடி வந்து கற்றுக்கொடுத்தாள். இரண்டு முழங்காலும் தேய்ந்தபிறகு ஒருநாள் யாரும் பிடிக்காமல் ஒரு சுற்று முழுதாக வந்தாள். அன்றைக்கு வந்த சிரிப்பு வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்வரை அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷர்மினியும் இன்னும் ஆறேழு பெண்களும் செம்பனைத் தோட்டச் சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டுவார்கள். அவர்களோடு போகவேண்டும் என்று யோகேஸ்வரிக்கு ஆசை. ஆனால் அவளோ நாலடி பத்தங்குலம். கடையில் அவள் உயரத்துக்கு இருந்ததெல்லாம் முன்னால் கூடை வைத்த ரோஸ் நிறப் பிள்ளைகள் சைக்கிள். கியர் வைத்த நல்ல சைக்கிள் வேண்டுமென்றால் பழையதாகத்தான் தேடவேண்டும். கைப்பேசியில் பழைய பொருள் விற்கும் பக்கங்களை ஒரு மாதம் அலசி, சிகாமட்டில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். நீல நிறம், சின்னச் சட்டம், சக்கரம் புதிது. சீட்டு மட்டும் ஒட்டகத்தின் திமில்போல மேலே நின்றது.

விற்றவர் வள்ளியப்பன் என்ற ஐம்பது வயதுக்காரர். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே எல்லாம் பேசினார்.

"மூணு வருஷமா நாந்தான் ஓட்டுனேன். ஒரு குறை சொல்ல முடியாது."

"சீட்டு ரொம்ப உயரமா இருக்கே, அண்ணே."

"இந்த போல்ட்ட லூஸ் பண்ணி எறக்கிக்கிங்க. அஞ்சு நிமிஷ வேல."

அவள் போல்ட்டைத் தளர்த்தி சீட்டை அழுத்தினாள். அசையவில்லை. "கிரீஸ் காஞ்சிருக்கும்" என்றார். தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தில் தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தத் தலையாட்டலை நினைத்துப் பிறகு எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டாள்.

சீட்டைத் தாங்கும் கம்பி சட்டத்துக்குள் இறுகிப் போயிருந்தது. அவள் கணவன் கனகராஜ், வேனில் கடைகளுக்குக் குடிநீர் போத்தல் போடுகிறவன், முதல்நாள் கையால் முறுக்கினான். இரண்டாம் நாள் தண்ணீர்க்குழாய் திருகும் பெரிய ஸ்பானரைக் கொண்டுவந்தான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் கம்பியில் பல் பல்லாகத் தழும்பு விழுந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல, பழசு வாங்காதன்னு?"

"எப்ப சொன்னீங்க? நீங்க ஒண்ணுமே சொல்லல."

"மனசுல நெனச்சேன்."

இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை.

அதற்கு அடுத்த நாள் இருவரும் யோங் பெங் சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடை முதலாளியான தவுக்கே சைக்கிளைப் பார்த்தார், கனகராஜைப் பார்த்தார், மலாயில் அவனிடமே கேட்டார், என்ன பிரச்சினை என்று. யோகேஸ்வரி பதில் சொன்னாள். தவுக்கே அடுத்த கேள்வியையும் கனகராஜிடமே கேட்டார். எண்ணெய் அடித்தார், சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார்.

அவள் இதற்குள் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பதினொரு தடவை பார்த்திருந்தாள். சீட்டைக் கழற்றிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாக்கி, கம்பியின் தலையை மேசையில் பொருத்திய வைஸ் என்ற இடுக்கியில் இறுக்கிப் பிடிக்கவேண்டும். பிறகு கம்பியை அல்ல, சைக்கிளைத் திருப்பவேண்டும். சட்டம் முழுவதும் கைப்பிடியாகிவிடும். இதை அவள் பொறுமையாக விளக்கினாள். பின்னால் சுவரோரம் வைஸ் இருப்பதையும் காட்டினாள். தவுக்கே சிரித்துவிட்டு கனகராஜின் தோளில் தட்டினார்.

"புதுசு வாங்கிக் குடு லா, பாஸ்."

அடுத்து குளுவாங் நகரில் பெரிய கடை ஒன்று. குளிர்சாதனம், சுவர் முழுக்கத் தலைக்கவசம். ஏப்ரன் கட்டிய இளைஞன் விரல் நுனியால் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். எங்கள் கடையில் வாங்காத வண்டியில் நாங்கள் கை வைப்பதில்லை, சட்டம் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்றான். வைஸ் என்று அவள் ஆரம்பித்ததுமே பளபளக்கும் புது சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவிலும் கேட்டுப் பார்த்தாள். வெளிச்சாமான் உள்ளே வரக்கூடாதாம்.

நாலு வாரம் ஓடிவிட்டது. சைக்கிள் வாசலில் நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் ஷர்மினி கூட்டம் மணி அடித்துக்கொண்டு தாமானைத் தாண்டிப் போனது.

ஐந்தாவது ஞாயிறு அவளுக்குப் பொறுக்கவில்லை. நடைபாதை விளிம்பில் காலை ஊன்றி ஏறி உட்கார்ந்து, பெடலைக் கால் நுனியால் எட்டித் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஓடுகிறவரை ஓடியது. ஒரு கார் திடீரென்று குறுக்கே திரும்ப, பிரேக் பிடித்தாள். ஊன்றக் காலுக்குத் தரை இல்லை. அப்படியே சாய்ந்து சாலையோர லோங்கானுக்குள் சைக்கிளோடு விழுந்தாள். முழங்கை கிழிந்தது. சாக்கடைத் தண்ணீர் கழுத்துவரை தெறித்தது. காரில் வந்தவர் கண்ணாடியை இறக்கி, "ஆன்ட்டி, ஓகேவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து குளித்தாள். முழங்கையில் மஞ்சள் மருந்து தடவிக்கொண்டாள். பசியாறாமல் சைக்கிளை வேனில் தூக்கிப் போட்டாள். கனகராஜ் பல் துலக்கியபடி எட்டிப் பார்த்தான்.

"எங்க போற?"

"சிகாமட்டுக்கு."

"நானும் வரவா?"

"வேணாம். நீங்க வந்தா எல்லாரும் உங்ககிட்டதான் பேசுவாங்க."

வள்ளியப்பன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள். அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அவள் முன்னால் நின்றார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கண்ணும் அவள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"ஏறி உட்காருங்க, அண்ணே."

"என்னம்மா?"

"மூணு வருஷம் ஓட்டுனேன்னு சொன்னீங்கல்ல? இதுல ஏறி உட்காருங்க. பாக்கலாம்."

அவர் காலில் செருப்பில்லை என்றார், இடுப்பு வலி என்றார், வித்தது வித்ததுதானே என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி கண்ணாத்தாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சைக்கிளையும் யோகேஸ்வரியின் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவுக எங்கம்மா ஓட்டுனாக? பத்து பகாட் ஊர்ல எவனோ தலையில கட்டிவிட்டான். வாங்கிட்டு வந்த அன்னைக்கே அந்தச் சீட்டு எறங்கல. மூணு வருஷமா எங்க துணி காயுறதே அதுலதான்."

வள்ளியப்பனின் முகம் கறுத்தது. "நீ சும்மா இரு" என்றார். ஆனால் குரலில் பலம் இல்லை.

யோகேஸ்வரிக்கு வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிடவேண்டும் போல இருந்தது. உங்களை ஏமாற்றினால் நீங்கள் இன்னொருத்தரை ஏமாற்றவேண்டுமா? விழுந்த இடத்தில் பின்னால் லோரி வந்திருந்தால்? ஆனால் அதற்குள் கண் கலங்கிவிட்டது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

"காசு வேணாம் எனக்கு. இதக் கழட்டிக் குடுங்க. கழட்டாம நான் போகப்போறதில்ல."

கண்ணாத்தாள்தான் வழி சொன்னாள். அவர்கள் வாடகைக்கு விட்டிருக்கும் கடையில் ஹாஷிம் என்பவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஞாயிறு விடுமுறை, ஆனால் அவர் குடியிருப்பது மாடியில். மூவரும் அங்கே போனார்கள். வள்ளியப்பன் கூப்பிட்டதும் கட்டியிருந்த சாரத்தோடு இறங்கி வந்து ஷட்டரைத் தூக்கினார். கதையைக் கேட்டுவிட்டுப் பெரிய சுத்தியலை எடுத்தார்.

"ஜாங்கான்! வேணாம்!" யோகேஸ்வரி போட்ட சத்தத்தில் ஹாஷிம் அப்படியே நின்றுவிட்டார். "யாரும் தட்டக்கூடாது. நான் சொல்றபடி செய்யுங்க. ஒரே ஒரு தடவ."

சீட்டை அவளே கழற்றினாள். சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி, கம்பியின் தலையை வைஸில் நுழைத்து ஹாஷிம் இறுக்கினார். சட்டத்தின் முன்பக்கத்தை அவளும் வள்ளியப்பனும் பிடித்தார்கள், பின்பக்கத்தைக் கண்ணாத்தாள் பிடித்தாள். செக்கு மாதிரி சுற்றித் தள்ளினார்கள். அசையவில்லை. மறுபடி தள்ளினார்கள். வள்ளியப்பனுக்கு நெற்றியில் வியர்வை கொட்டியது.

"விட்ராதீங்க" என்றாள் யோகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு.

டக்கென்று ஒரு சத்தம். சட்டம் உடைந்துவிட்டது என்றே நினைத்தாள். ஆனால் சைக்கிள் நகர்ந்திருந்தது, ஒரு விரல் அளவுக்கு. பிறகு இரண்டு விரல். கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டு, வெள்ளைப் பொடி உதிர, கம்பி வெளியே வந்துவிட்டது.

"அலாமாக்" என்று வியந்தார் ஹாஷிம்.

கண்ணாத்தாள் கை தட்டினாள். யோகேஸ்வரி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மொத்தமே ஏழு நிமிடம் ஆகியிருந்தது. ஐந்து வாரமாக அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னது ஏழு நிமிட வேலை. சந்தோஷப்படத்தான் நினைத்தாள், வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்கவேண்டும் போலத்தான் இருந்தது.

அதோடும் முடியவில்லை. வைஸில் நசுங்கிய கம்பி இனி உதவாது, புதுசு வேண்டும். யோங் பெங் தவுக்கே ஒன்றை எடுத்துக்கொடுத்து இதுதான் அளவு என்று சத்தியம் செய்தார். மாட்டி நூறு மீட்டர் ஓட்டுவதற்குள் சீட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, முழங்கால் தாடையில் இடிக்க வந்துவிட்டது. இவ்வளவு நாள் இறங்காத சீட்டு இப்போது நிற்கமாட்டேன் என்றது.

மறுநாள் வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனாள், தனியாக. தொழிற்சாலையில் மேசைக்கால் தடிமன் அளக்க அவள் வைத்திருக்கும் அளவுக்கருவியைப் பையிலிருந்து எடுத்தாள். சட்டத்தின் வாயை அளந்தாள், தவுக்கே கொடுத்த கம்பியை அளந்தாள், எண்ணை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அரை மில்லிமீட்டர் மெலிசு. தவுக்கே தலையைச் சொறிந்தார். மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, தூசி தட்டி, சரியான கம்பியை எடுத்து வைத்தார். நேற்றும் அது அங்கேதான் இருந்தது.

"கிரீஸ் குடுங்க" என்றாள். தானே உள்ளே விரல் விட்டு முழுக்கத் தடவி, தானே மாட்டி, தானே இறுக்கினாள்.

அந்த ஞாயிறு ஷர்மினி கூட்டத்தோடு இருபது கிலோமீட்டரும் ஓட்டினாள். மேட்டில் இரண்டு தடவை இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள், செம்பனை லோரி ஒன்று எல்லார் மேலும் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. படம் பிடித்து ஷர்மினி எங்கேயோ போட்டிருக்கிறாள் போல. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வள்ளியப்பன்.

"வணக்கம்மா. சைக்கிள் நல்லா ஓடுதுன்னு பார்த்தேன். இப்ப சீட்டு எறங்குதுல்ல, என் உயரத்துக்குச் சரியா இருக்கும். திரும்ப வாங்கிக்கிறேன், குடுக்கிறீங்களா?"

யோகேஸ்வரி அதை இரண்டு தடவை படித்தாள். கனகராஜிடம் காட்டினாள். அவன் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நீளமாக ஒன்று எழுதி, அழித்தாள். இன்னும் நீளமாக எழுதி அதையும் அழித்தாள். கடைசியில் அவரையே கூப்பிட்டாள்.

"அண்ணே, ஃபோன ஆச்சிகிட்ட குடுங்க."

கண்ணாத்தாள் வந்தாள்.

"ஆச்சி, உங்களுக்கு ஓட்டக் கத்துக்கணும்னா சொல்லுங்க. அடுத்த வாரம் வேன்ல ஏத்திட்டு வரேன். ஆனா அவருக்குக் கெடையாது."

கண்ணாத்தாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சனிக்கெழம தோதுப்படுமா?" என்று கேட்டாள்.