நட்டில் சிக்கிய நூல்

சைக்கிளை விற்கப் போன இடத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதுவரைக்கும், மூன்று மாதமாக, எனக்கு வயதாகிவிட்டது என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வேலை ரத்தம் எடுப்பது. லேபுக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போய், ஊசி குத்தி, குழாயில் பிடித்து, சைக்கிளின் முன்கூடையில் இருக்கும் குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். இருபத்தாறு வருடமாக இதுதான். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் பதினான்கு வீடு. குத்தியதே தெரியாது என்பதால் எனக்குக் கொசு என்று பெயர். ஐம்பத்தெட்டு வயதில் வேறு யாராவது என்னை அப்படிக் கூப்பிட்டிருந்தால் நடப்பதே வேறு. அந்தப் பதினான்கு வீட்டில் "கொசு வந்தாச்சு" என்று கதவைத் திறந்தால் மட்டும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் ஒரு மகராசன், நிறுத்தியிருந்த காரின் கதவைத் திரும்பிப் பார்க்காமல் திறந்தான். நான் நேராகப் போய் மோதி விழுந்தேன். அவன் ஒரு சாரி சொன்னான். எனக்கு முகவாயில் மூன்று தையல், முழங்காலில் வீக்கம், மூன்று வாரம் விடுப்பு.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செயினுக்கு எண்ணெய் விடுவதிலிருந்து பிரேக் கட்டை மாற்றுவது வரைக்கும் என் சைக்கிளுக்கு அவர் கைதான். வெளியாள் ஸ்பேனர் அதன்மேல் பட்டதே கிடையாது. அந்த மூன்று வாரமும் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். சைக்கிளையும் கழற்றித் துடைத்துப் பூட்டி, "புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்றார்.

நாலாவது வாரம் ஏறி உட்கார்ந்தேன். பத்தடி போவதற்குள் கை வேறு பக்கம், வண்டி வேறு பக்கம். இடது பக்கம் சாய்ந்தால் சாய்ந்துகொண்டே போனது. நிமிர்த்தினால் வலது பக்கம் ஓடியது. குடித்தவன் ஓட்டுவது போலத் தெருவை அளந்தேன்.

"பயம் உள்ள புகுந்துடுச்சு. வயசும் ஆகுதில்ல" என்றார் அவர்.

விடுவேனா? ஆறு நாள் விடியற்காலையில் எங்கள் தெருவிலேயே பழகினேன். ஏழாவது நாள் குப்பைத்தொட்டியில் மோதி அதையும் சாய்த்துக்கொண்டு விழுந்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓடி வந்து தூக்கிவிட்டு, "போதும்மா, நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அந்த அழுகைக்காகத்தான் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

அன்றைக்குப் பிடித்த சனி சைக்கிளோடு நிற்கவில்லை. காதில்தான் கோளாறு, அதனால்தான் நிலை தடுமாறுகிறது என்று டாக்டரிடம் போனேன். ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை எழுதினார். வீட்டில் ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். படிக்கட்டில் கைப்பிடியை விடவே இல்லை. லேபில் மேனேஜர் என்னைக் கவுன்டரில் உட்காரவைத்து, குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டச் சொன்னார். என் பதினான்கு வீட்டுக்கும் ஸ்கூட்டர்காரன் ஒருவன் போனான்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் வாத்தியார் மட்டும், வந்தால் கொசுதான் வரவேண்டும் என்று அடம்பிடித்தார். நடந்தே போனேன். பத்து வருடமாக எனக்குத் தெரிந்த கை, தெரிந்த நரம்பு. மூன்று முறை குத்தினேன். மூன்று முறையும் தப்பியது. சொந்தக் காலை நம்பாதவளுக்குக் கை மட்டும் எப்படிச் சொன்னபடி கேட்கும்? "பரவால்லம்மா" என்று வாத்தியார் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து குமுறினேன். "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று என் வீட்டுக்காரர் முதுகைத் தடவினார். மறுவாரம் அவருடைய சர்க்கரைப் பரிசோதனைக்கு டாக்டர் சீட்டு கொடுத்தார். எப்போதும் நான்தான் எடுப்பேன். அவர் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, "உனக்கு எதுக்கு சிரமம்? நான் லேப்லயே குடுத்துக்கறேன்" என்றார். என் கை அவருக்கே பயமாகிவிட்டது. அதைக்கூட நியாயம் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து பதினான்கு வீட்டையும் நிரந்தரமாக ஸ்கூட்டர்காரனுக்கே எழுதிவிடப் போவதாக மேனேஜர் சொன்னார். சரி, இனி எதற்கு இந்தச் சனியன் என்று சனிக்கிழமை காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

"நீ எதுக்கு அலையற? நான் கொண்டுபோறேன்" என்று என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். என்னடா இவ்வளவு அவசரம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"இருபத்தாறு வருஷம் என்னைச் சுமந்தது. நானே குடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சைக்கிள் கடைக்காரர் என் வயதுக்காரர், நெட்டை. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டபடியே முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். சக்கரம் அப்படியே விறைத்து நின்றது. ஹேண்டில்பாரை ஒரு விரலால் தட்டினார். அசையவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதையா ஓட்டிட்டிருந்தீங்க?"

"ஓட்ட முடியலன்னுதான் விக்க வந்திருக்கேன்."

"யாராலயும் முடியாதும்மா. நானே ஏறினாலும் விழுவேன்." அவர் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தைக் காட்டினார். "சைக்கிள் தானா நேரா போகாது. ஓட்டறப்போ நமக்கே தெரியாம ஹேண்டிலைத் துளித்துளியா திருப்பிக்கிட்டே இருப்போம். அதுலதான் வண்டி நிக்குது. கழுத்தை இப்படி இறுக்கி வெச்சா எப்படித் திரும்பும்?"

"துருப் பிடிச்சிருக்கும்" என்றேன். அப்போதும் வீட்டுக்காரருக்கு வக்காலத்து.

"துருவா? உள்ள புது கிரீஸ் இருக்கு. யாரோ வேணும்னே இறுக்கியிருக்காங்க. அதுவும் தேர்ந்த கை. நட்டுல ஒரு கீறல் இல்ல பாருங்க. துணி சுத்தித் திருகியிருக்காங்க."

ஊக்கு முனையால் நட்டின் ஓரத்தைக் கிளறினார். ஒரு நூல் வந்தது. வெளிர் நீலம். நான் லேபில் போட்டுக் கிழிந்துபோன பழைய கோட்டின் நீலம். அதை நான்தான் அவருக்குக் கைத்துணியாகக் கிழித்துக் கொடுத்திருந்தேன்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தலைசுற்றல் இல்லை, ஆத்திரம். காதைச் சோதிக்க டாக்டரிடம் போயிருக்கிறேன், காதில் பூ சுற்றியவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு.

கடைக்காரர் நட்டைக் கால் சுற்று தளர்த்தினார். ஹேண்டில்பார் சட்டென்று ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. "இப்ப ஏறிப் பாருங்க."

"விழுந்துடுவேன்" என்றேன்.

என் வாயில் முதலில் வந்த வார்த்தை அதுதான். என்ன செய்து வைத்திருக்கிறார் பாருங்கள். நட்டைத் தளர்த்தியாயிற்று, எனக்குள் இறுக்கியது இன்னும் தளரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். முதல் மிதியில் கால் தரையைத் தேடியது. இரண்டாவதில் வண்டி ஆடியது. அந்த ஆட்டம் என்னுடையது, வண்டியுடையது அல்ல. மூன்றாவது மிதிக்குப் பிறகு எண்ணவில்லை. தெருமுனையில் ஒரு கார் நின்றிருந்தது. மணியை விடாமல் அடித்துக்கொண்டே, ஒரு கதவு அகலம் தள்ளி, அதைத் தாண்டினேன். உள்ளே யாரும் இல்லை. இருந்திருந்தால் நாலு வாங்கியிருப்பான்.

வீட்டு வாசலில் மணிச்சத்தம் கேட்டதுமே அவர் முகம் வெளிறிப் போயிருக்க வேண்டும். நான் உள்ளே போனபோது மேசைமேல் விரித்த செய்தித்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"விக்கலையா?"

நூலைச் செய்தித்தாள்மேல் வைத்தேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பயந்துட்டேன்மா" என்றார். "அன்னிக்கு உன் முகத்துல ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு. நீ இன்னொரு தடவ விழக் கூடாதுன்னுதான்..."

"விழக் கூடாதுன்னு விழ வெச்சியா நீ?"

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவரை நான் நீ என்று சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் அது கேட்டது.

"ரொம்ப இல்லம்மா. கால் சுத்துதான்."

கால் சுற்றாம்! அளவு சொல்கிறார்!

"டாக்டர்கிட்ட கூடவே வந்து உக்காந்திருந்தீங்களே. மாத்திரையை எடுத்து நீட்டினீங்களே. மூணு தடவ குத்திட்டேன்னு நான் அழுதப்போ முதுகைத் தடவினீங்களே. அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாமில்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நாள் ஆக ஆகச் சொல்ல முடியல. வண்டியில போகாதேன்னு நேரடியா சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருக்கணும். வண்டியைப் பூட்டிச் சாவியை ஒளிச்சு வெச்சிருந்தாலும் உங்கமேல மட்டும் கோபப்பட்டிருப்பேன். என் காலை, என் கையை நானே நம்பாம பண்ணிட்டீங்களே!"

அவர் அழுதார். அழட்டும் என்று விட்டேன். என் அழுகைக்கு ஈடாக இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்த சீட்டைப் பிய்த்தேன். என் பையைத் திறந்தேன்.

"சட்டைக் கையை மடிங்க."

"இப்பவா? திங்கட்கிழமை லேப்ல..."

"மடிங்கன்னேன்."

மடித்தார். மேல்கையில் பட்டையைக் கட்டினேன். என் கை ஆத்திரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். விரலை அவர் தோலில் வைத்து நரம்பைத் தேடினேன். கிடைத்தது. ஊசியை எடுத்தபோது நடுக்கம் நின்றிருந்தது. ஒரே குத்து. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் ஏறியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "குத்து" என்றார்.

"எடுத்தாச்சு."

குழாயை எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினேன். அவர் பெயரை எழுதி ஒட்டினேன். "மூணு மாசச் சர்க்கரை அளவு. மறைச்சு வெச்சதெல்லாம் இதுல தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, அவர் கருவிப்பெட்டியிலிருந்து அந்த ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டேன்.

"அதை எங்க கொண்டுபோற?"

"நெட்டைக் கடைக்காரருக்கு. இனிமே என் வண்டியை அவர்தான் தொடுவார். அப்படியே லேப்ல இதைக் குடுத்துட்டு, திங்கட்கிழமை பதினாலு வீட்டுக்கும் நான்தான் போவேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வரேன்."

குளிர்பெட்டியில் குழாயை வைத்து ஏறினேன். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வாசல்வரை வந்தார். "மெதுவா..." என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டார்.

"கையை மடக்காதீங்க, கன்னிப்போயிடும்" என்று கத்திவிட்டு மிதித்தேன்.